ஒற்றைக்கொம்பு நண்டும் நான் எழுதிவைத்த 11 பக்கங்களும்

என் மேசையில் 14 சின்னப் போத்தல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 70 சதவீத எதனோல், அதற்குள் பட்டாணி அளவில் ஒரு நண்டு. எல்லாமே திருகோணமலைக் கடலில் இருந்து வந்தவை. மேசை இருப்பது ஹட்டனுக்குப் பக்கத்தில், கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே. ஜன்னலைத் திறந்தால் தேயிலை மலையும் மூடுபனியும்தான்.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பேராதனையில் விலங்கியல் படித்தவள். பள்ளிக்கூடம் முடிந்து வந்து, வீட்டு வேலையும் முடிந்தபின், இரவு எட்டு மணியிலிருந்து பத்து மணிவரை இந்த நண்டுகளோடு இருப்பேன். என்னிடம் படித்து இப்போது பல்கலைக்கழகம் போயிருக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர், "மிஸ், புது இனம் ஒன்று கிடைத்தால் அதை எப்படி விவரித்து எழுதுவது?" என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முதலில் நான் விட்ட பிழையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

நான் பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில். லயத்துக்குக் கீழே ஓடை. மழை விட்ட மறுநாள் பிள்ளைகள் எல்லோரும் கல்லைப் புரட்டி நண்டு பிடிக்க இறங்கிவிடுவோம். யாருக்காவது சளி பிடித்தால் அம்மா அந்த நண்டை அம்மியில் தட்டி, மிளகும் பூண்டும் சீரகமும் போட்டு ரசம் வைப்பார். ஒருநாள் நான் பிடித்துவந்த நண்டின் வயிற்று மடல் புடைத்துக்கொண்டிருந்தது. விரித்துப் பார்த்தால் உள்ளே முழுக்கக் குட்டி நண்டுகள். எல்லாவற்றுக்கும் காலும் கொடுக்கும் இருந்தன, ஒன்று என் உள்ளங்கையில் ஏறி நடந்தது. அம்மா கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தார். "புள்ளக்காரிய சட்டியில போடக் கூடாது, கொண்டுபோய் விட்டுட்டு வா" என்றார்.

அந்தக் காட்சியின் அர்த்தம் எனக்குப் பல்கலைக்கழகத்தில்தான் புரிந்தது. நம் மலைநாட்டு ஓடை நண்டுக்கு நீரில் மிதந்து திரியும் இளம்பருவம் கிடையாது. முட்டை பெரியது, எண்ணிக்கையில் குறைவு. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து, முழு நண்டாகத்தான் குட்டி வெளியே வரும், தாயின் மடலுக்குள் கொஞ்ச காலம் இருந்துவிட்டு அதே ஓடையில் இறங்கும். ஒரு மலையைத் தாண்டி அடுத்த மலைக்குப் போக அதற்கு வழியில்லை. அதனால் காலப்போக்கில் மலைக்கு ஒரு நண்டு, பள்ளத்தாக்குக்கு ஒரு நண்டு என்று பிரிந்துவிட்டது. இந்தச் சின்னத் தீவில் 50க்கும் மேற்பட்ட நன்னீர் நண்டு இனங்கள் இருக்கின்றன, ஏறத்தாழ எல்லாமே உலகில் வேறெங்கும் இல்லாதவை. மேட்டுநிலத்து ஓடைகளில் இருக்கும் பெர்பிரிங்கியா என்ற பேரினத்தின் பெயர்கூட, 1962இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து இங்கே ஆய்வுக்கு வந்த பேர் பிரிங்க் என்பவரை நினைத்து வைத்ததுதான்.

இப்படிப்பட்ட மண்ணில் வளர்ந்த கண்ணுக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. நண்டு கொஞ்சம் வித்தியாசமாக இருந்தால் உடனே "இது வேறு இனம்" என்று மனம் சொல்லும். ஓடையில் அது பல நேரம் சரியாகவும் இருக்கும். அந்தக் கண்ணோடுதான் நான் கடலுக்குப் போனேன்.

கிழக்குக் கரைக்கு ஓகஸ்ட் விடுமுறைதான் தோது. இங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும்போது அங்கே கடல் குளம்போலக் கிடக்கும். கண்டி, தம்புள்ளை, ஹபரணை என்று பஸ் மாறி, திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள நிலாவெளிக்குப் போய்ச் சேர்ந்தேன். அதற்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவு தேசியப் பூங்கா, அங்கே கல்லைக்கூடத் தொடக் கூடாது. பாதுகாக்கப்பட்ட இடமென்றால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒன்றையும் எடுக்க முடியாது. மற்ற இடங்களிலும் சேகரிக்க என்ன அனுமதி வேண்டுமென்று முன்கூட்டியே விசாரித்துக் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். பின்னால் கட்டுரை எழுதும்போதும் அதைக் கேட்பார்கள். எங்களுக்கு இருந்த அனுமதி, கரைவலையில் மீனோடு சேர்ந்துவந்து ஒதுக்கிப் போடுவதைப் பொறுக்க மட்டும்.

வலை இழுத்து முடிந்தபின் மணலில் கிடக்கும் பாசிக் குவியலை ஒரு வெள்ளைத் தட்டில் போட்டு, கடல்நீர் ஊற்றி, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வேலையில் நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள உபாயம் இதுதான். கிளறினால் ஒன்றும் தெரியாது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் சும்மா இருந்தால் ஒரு பாசித் துண்டு மட்டும் தண்ணீரோட்டத்துக்கு எதிராக நகரும். அதுதான் நண்டு. வலைக்காரப் பெரியவர் ஒருவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பிள்ளை, முப்பது வருசமா இந்தப் பாசியக் கொட்டுறன், இதுக்குள்ள நண்டு இருக்கிறது எனக்குத் தெரியாது" என்றார். அப்புறம் அவரே தட்டுக்குப் பக்கத்தில் குந்தி இரண்டைக் கண்டுபிடித்துத் தந்தார்.

அன்று கிடைத்தவை மூன்று. உடல் நிறமே பாசியின் பழுப்புப் பச்சை. நெற்றியில் முன்னோக்கி நீண்ட ஒற்றைக் கொம்பு, அதன் நுனியில் சின்னப் பாசி இழை ஒன்றைச் செருகிவைத்திருந்தது. எனக்குக் கை நடுங்கியது. அந்தச் சந்தோசத்தில் அடுத்தடுத்து இரண்டு தப்பு செய்தேன்.

உயிரோடு இருந்த நண்டை அப்படியே எதனோலில் போட்டேன். நண்டு வேதனையில் தன் காலைத் தானே கழற்றிவிடும். மூன்றில் ஒன்று எல்லாக் காலையும் உதிர்த்துவிட்டது. எந்தக் கால் எந்த இடத்துக்குரியது என்று பிறகு சொல்லவே முடியவில்லை. முதலில் ஐஸ் பெட்டியிலோ குளிர்பதனப் பெட்டியிலோ வைத்து, மெதுவாக மரத்துப்போக விட்டபின்தான் எதனோலில் இட வேண்டும். அதற்கும் துன்பம் குறைவு, நமக்கும் மாதிரி முழுதாகக் கிடைக்கும். மரபணு பார்க்கும் எண்ணம் இருந்தால் ஒரு காலை மட்டும் எடுத்து 95 சதவீத எதனோலில் தனியாக வைத்துவிடுங்கள். ஃபோர்மலினில் போட்டால் மரபணு வேலைக்கு உதவாது.

இரண்டாவது தப்பு லேபல். போல்பொயிண்ட் பேனையால் எழுதிப் போத்தலுக்குள் போட்டேன். மூன்றாம் நாள் ஹட்டனில் பையைத் திறந்தபோது எதனோல் நீலமாக இருந்தது, காகிதம் வெறுமையாக இருந்தது. எந்த இடம், எவ்வளவு ஆழம், எந்த வலை, யார் பொறுக்கியது, எல்லாம் கரைந்துபோனது. இடம் தெரியாத மாதிரிக்கு அறிவியலில் மதிப்பு மிகக் குறைவு. நல்ல வேளையாகக் குறிப்புப் புத்தகத்திலும் எழுதியிருந்தேன். பென்சிலால் எழுதுங்கள், தடித்த நல்ல காகிதத்தில் எழுதுங்கள், லேபலைப் போத்தலுக்கு வெளியே ஒட்டாமல் உள்ளே போடுங்கள். இன்றைக்கும் என் பையில் பேனை இருக்காது, மூன்று பென்சில்தான் இருக்கும்.

சரி, நண்டுக்கு வருவோம். வீட்டில் கிடைத்த ஒரேயொரு நூலின் படத்தோடு ஒப்பிட்டேன். படத்தில் இருந்த நண்டுக்குக் கொம்பு குட்டை, முதுகில் மேடுகள் தெளிவாக இருந்தன. என்னுடையதுக்குக் கொம்பு நீளம், முதுகு வழவழப்பு. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் பற்களும் வேறு மாதிரி. புது இனம் என்று முடிவே கட்டிவிட்டேன். இரண்டு மாதம் இராத்தூக்கம் குறைத்து 11 பக்கம் எழுதினேன். பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன்.

எனக்குப் பாடம் சொல்லித்தந்த மேடத்திடம் அந்தப் பக்கங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாசிக்கவே இல்லை. போத்தலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மூன்று கேள்வி கேட்டார். இதில் வளர்ந்த ஆண் எது? ஒரே இடத்திலிருந்து சின்னதும் பெரியதுமாக எத்தனை பார்த்தீர்கள்? இந்த நண்டை வேறு கடல்களில் யார் யார் என்ன பெயரில் எழுதியிருக்கிறார்கள்?

ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. முதல் கேள்வி ஏன் முக்கியம் என்றால், நண்டில் இனத்தைப் பிரித்துச் சொல்லும் நம்பகமான உறுப்புகளில் ஒன்று வளர்ந்த ஆணின் வயிற்று மடலுக்குள் இருக்கிறது. இனச்சேர்க்கைக்கு உதவும் முதல் சோடி ஒட்டுறுப்பு அது, அதன் நுனி வளைவு இனத்துக்கு இனம் மாறும். என்னுடைய மூன்றில் இரண்டு வளராத பெண், ஒன்று வளராத ஆண். பெண் வளர்ந்துவிட்டதா என்று அறிய மடலைப் பார்த்தாலே போதும். வளர்ந்த பெண்ணின் மடல் அடிப்பக்கம் முழுவதையும் கிண்ணம் கவிழ்த்ததுபோல மூடியிருக்கும், வளராததில் ஒடுங்கியிருக்கும். பாசியையும் கடற்பஞ்சையும் மேலே செருகி வேடம் போடும் இந்தக் கூட்டத்து நண்டுகள் பருவமடையும்போது கடைசியாக ஒருமுறை ஓடு கழற்றும், அதன்பின் வளர்வதே இல்லை. அந்தக் கடைசி ஓடு மாற்றத்தில் உருவமே கணிசமாக மாறிவிடும். நான் அதற்கு முந்திய உருவத்தை வைத்துக்கொண்டு இனம் பிரித்திருந்தேன்.

அடுத்த ஓகஸ்டில் திரும்பப் போனேன். அந்த வலைக்காரப் பெரியவர் என்னை மறக்கவில்லை. தட்டையும் அவரே கழுவி வைத்திருந்தார். ஒரு வாரத்தில் 31 நண்டுகள் சேர்ந்தன. வீட்டுக்கு வந்து சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினேன். கொம்பின் நீளம், முதுகு மேடு, கண்ணுக்குப் பின்னால் உள்ள பல், மூன்றும் படிப்படியாக, எங்குமே அறுந்துபோகாமல், ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறிக்கொண்டே போயின. என் புது இனமும் அந்த நூலில் இருந்த படமும் ஒரே வரிசையின் இரண்டு முனைகள். அதற்கு ஏற்கனவே பெயர் இருந்தது. மெனேதியஸ் மொனோசெரோஸ். 1825இல் பிரெஞ்சுக்காரரான லத்ரேய் பெயர் வைத்த நண்டு. மொனோசெரோஸ் என்றால் ஒற்றைக்கொம்பு. செங்கடலிலிருந்து பசிபிக் வரை பாசி இருக்கும் பாறைக் கரைகளில் இருக்கிறது. ஆணுக்கு ஆண், வயதுக்கு வயது உருவம் மாறுவதால் பழைய காலத்து அறிஞர்களே அதைப் பல பெயர்களில் திரும்பத் திரும்பப் புதிதென்று எழுதியிருக்கிறார்கள்.

அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தது அம்மா ஓடையில் விடச் சொன்ன நண்டுதான். கடல் நண்டின் குஞ்சு பெரும்பாலும் நண்டாகப் பிறப்பதில்லை. சோயியா என்ற முள்முள்ளான, கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் உருவில் பிறந்து, நீரோட்டத்தில் மிதக்கும். இந்தக் கூட்டத்து நண்டுகளுக்கு அந்தப் பருவம் இரண்டு கட்டம்தான், பிறகு மெகலோபா என்ற இடைப்பருவம், அப்புறம்தான் நண்டு. இரண்டே கட்டம் என்றாலும் தலைமுறை தலைமுறையாக மிதந்து போனால் ஒரு பெருங்கடலையே கடந்துவிட முடிகிறது. அதனால் ஓடை நண்டை விவரிக்கிறவர் பக்கத்து மலையைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். கடல் நண்டை விவரிக்கிறவர் செங்கடலில் இருந்து ஜப்பான், தாகித்தி வரை பார்த்தாக வேண்டும். என் தவறின் வேர் இந்த இடத்தில்தான் இருந்தது. கிடைத்த நண்டு கடலுக்குரியது, நான் கொண்டுபோன கணக்கு மலைக்குரியது.

அவ்வளவு தூரம் ஹட்டனில் உட்கார்ந்துகொண்டு எப்படிப் பார்ப்பது? இது முன்பு நடக்காத காரியம், இப்போது நடக்கும். பழைய நூல்கள் பெரும்பாலும் பல்லுயிர் மரபு நூலகம் என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருந்த அல்ஃபிரட் அல்கொக் 1895 முதல் 1900 வரை இந்தியக் கடல் நண்டுகளைப் பற்றி வரிசையாக எழுதினார், இந்த வேடதாரி நண்டுகளைத்தான் முதலில் எடுத்துக்கொண்டார். நம் கடலுக்கு இன்னும் நெருங்கிய ஆவணம் ஒன்று உண்டு. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிகளை ஆராய வந்த பேராசிரியர் ஹெர்ட்மன் 1902இல் சேகரித்த நண்டுகளை டக்ளஸ் லோரி 1906இல் விவரித்தார். உலகம் முழுவதற்குமான பெயர்ப் பட்டியல் வேண்டுமென்றால் பீட்டர் இங், டனியெல் கினோ, பீட்டர் டேவி மூவரும் 2008இல் வெளியிட்டது இருக்கிறது. அதில் மட்டும் 6,793 நண்டு இனங்கள். இரவில் இணைய வேகம் நன்றாக இருக்கும்போது இவற்றை இறக்கி வைத்துக்கொள்வேன். மழைக்காலத்தில் கரண்ட் போனால் இரண்டு நாள் வராது.

இப்போது மேசையில் இருக்கும் 14 போத்தல்களும் ஒற்றைக்கொம்பன் இல்லை. அது வேறொரு நண்டு, வலையில் மாட்டி வந்த செத்த பவளத் துண்டுகளின் இடுக்கில் கிடைத்தது. மேடமும் நானும் சேர்ந்து அதை விவரித்துக்கொண்டிருக்கிறோம். அதன் குடும்பத்தையும் நாங்கள் யோசித்திருக்கும் பெயரையும் வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. விவரணை இல்லாமல் வெளியே வந்த பெயர் விலங்கியல் பெயரிடல் விதிப்படி செல்லாது, பின்னால் குழப்பம்தான் மிஞ்சும். பிள்ளைகளே, உங்கள் நண்டின் பெயரைக் கட்டுரை வெளிவரும்வரை எங்கேயும் போட்டுவிடாதீர்கள்.

இந்த நண்டு முதுகில் கடற்பஞ்சுத் துணுக்குகளைப் போட்டுக்கொண்டிருக்கும். எப்படி அவை விழாமல் நிற்கின்றன என்று முதல் தடவை நுண்ணோக்கியில் பார்த்தபோது எனக்கு நாயுருவிதான் ஞாபகம் வந்தது. தேயிலை மலைக்குள் நடந்துவிட்டு வந்தால் பாவாடை விளிம்பெல்லாம் நாயுருவி விதை ஒட்டியிருக்குமே, அதே ஏற்பாடு. முதுகில் வரிசை வரிசையாக மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியும் தூண்டில் போலப் பின்னோக்கி வளைந்திருக்கும். நண்டு கொடுக்கால் ஒரு துண்டைக் கிள்ளி, வாயில் வைத்து ஓரத்தைப் பிய்த்துச் சொரசொரப்பாக்கி, தலைக்கு மேலால் கையைக் கொண்டுபோய் அந்தக் கொக்கிகளில் அழுத்தும். ஓடு கழற்றிய பின் பழைய ஓட்டில் இருந்து அலங்காரத்தைக் கழற்றிப் புது ஓட்டில் போட்டுக்கொள்வதும் உண்டு.

விவரணை எழுதும்போது இந்த அலங்காரமே தடையாக வரும். அது போட்டிருக்கும்போது மேலோட்டின் உருவம் தெரியாது. அதனால் முதலில் வேடத்தோடு எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும், உயிரோடு இருக்கும்போதே எடுப்பது நல்லது, எதனோலில் நிறம் சில நாட்களில் போய்விடும். என்னென்ன ஒட்டியிருக்கிறது என்று எழுதிவைக்க வேண்டும். அதன்பின் மெல்லிய தூரிகையால் கொஞ்சம் கொஞ்சமாகத் துப்புரவு செய்யலாம். ஒன்றிரண்டு நண்டுகளை வேடத்தோடே விட்டுவிடுங்கள், பின்னால் வருகிறவர்களுக்கு அது வேண்டும். அளக்கும்போது மேலோட்டின் நீளத்தில் நெற்றிக் கொம்பு சேருமா சேராதா என்று எழுதாமல் விட்டால் உங்கள் அளவை யாராலும் பயன்படுத்த முடியாது. நான் 31 நண்டையும் இதனால் இரண்டாம் முறை அளந்தேன்.

படம் கீறுவதற்குத்தான் அதிக நேரம் போகிறது. நுண்ணோக்கியோடு பொருத்தும் வரைகருவி எங்களிடம் இல்லை. கைத்தொலைபேசியைக் கண்வில்லையில் வைத்து, குவியத்தை மாற்றி மாற்றிப் பத்துப் பதினைந்து படம் எடுத்து ஒன்றாக்கி, அதை அச்சிட்டு, மேலே மெல்லிய காகிதம் வைத்துக் கீறுகிறேன். அதே உருப்பெருக்கத்தில் ஒரு மில்லிமீற்றர் அளவுகோலையும் படமெடுத்துக்கொண்டால் அளவு பிசகாது. மலைநாட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று. இந்த ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். எனக்கு ஒருமுறை பிடித்து, சிலந்தி வலை மாதிரி படர்ந்தது. இப்போது நுண்ணோக்கியைப் பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைக்கிறேன். மணி நிறம் மாறினால் அடுப்புச் சூட்டில் உலர்த்தித் திரும்பப் போடுவேன்.

எழுத்து வேலை விதிமுறைகளால் கட்டப்பட்டது. ஒரு நண்டை மூலமாதிரியாக, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமாக நிற்கும் மாதிரியாகத் தேர்ந்து, அது எந்த நிறுவனத்தில் வைக்கப்படும் என்று கட்டுரையில் சொல்ல வேண்டும். எங்களுடையதைக் கொழும்பு தேசிய நூதனசாலையில் வைக்க எண்ணம். புது இனம் என்பதை வெளிப்படையாக எழுத வேண்டும், நெருங்கிய இனங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று சொல்ல வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளிவருவதானால் 2012இலிருந்து சூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் முன்பதிவும் அவசியம். இவற்றில் ஒன்று தவறினாலும் பெயர் நிற்காது.

இதெல்லாம் ஆய்வாளர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மேற்கு அவுஸ்திரேலியாவில் டென்மார்க் என்ற ஊரின் கடற்கரையில் ஒரு குடும்பம் ரோமம் போர்த்ததுபோன்ற நண்டு ஒன்று ஒதுங்கிக் கிடந்ததைக் கண்டு அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. கடற்பஞ்சைத் தொப்பிபோலச் சுமக்கும் நண்டு அது. 2022இல் கொலின் மக்லேயும் அன்ட்ரூ ஹோசியும் அதைப் புது இனமாக விவரித்து, டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் பெயரை வைத்தார்கள். எங்கே எடுத்தது என்று சேர்த்தே சொன்னால்தான் இப்படிக் கிடைக்கும் நண்டு பயன்படும். வலைக்காரப் பெரியவருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். இப்போது அவருடைய வாடியில் நான் கொடுத்த பென்சில் ஒன்று நூலில் கட்டித் தொங்குகிறது.

போன மாதம் 9ஆவது போத்தலைத் திறந்தேன். வளர்ந்த பெண். மடலை ஊசியால் மெதுவாக விரித்தபோது உள்ளே முட்டைகள், ரவையை அள்ளி வைத்ததுபோல நூற்றுக்கணக்கில். ஒன்றை எடுத்து அளந்தேன், அரை மில்லிமீற்றர்கூட இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்ம ஓட நண்டுக்கு முட்ட இம்புட்டுப் பொடிசா இருக்காதே" என்றார்.

உண்மைதான். இவ்வளவு சிறிய முட்டையிலிருந்து வருவது மிதந்து போகும், அது நிலாவெளியோடு நிற்காது. கட்டுரையைக் கிட்டத்தட்ட முடித்திருந்தோம். ஒப்பிட வேண்டிய மாதிரிகளின் பட்டியலைத் திரும்ப எடுத்து, இன்னும் இரண்டு நாட்டு அருங்காட்சியகங்களைச் சேர்த்தேன், மறுநாளே படங்கள் கேட்டு மேடத்தின் பெயரில் கடிதம் போனது. முட்டைகளோடு இருந்த அந்த நண்டை மட்டும் புதுப் போத்தலுக்கு மாற்றி, பென்சிலால் லேபல் எழுதி உள்ளே போட்டுவிட்டு விளக்கை அணைத்தேன்.